முதற் பரிசீலனைக்கு எத்தனை ஆண்டு?

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கூட்டேரிப்பட்டு தெரிந்த ஊர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் முருகன் கோயிலுக்குப் பிரியும் கூட்டுரோடு அது. அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோடு என்னும் பழைய நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே திண்டிவனம், செங்கற்பட்டு, தாம்பரம் வழியாகப் போனால் கிண்டி வரும். அதே சாலையின் மீதே, கிண்டியில், காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளின் கண்டுபிடிப்பாளர்கள் விண்ணப்பம் செய்யவேண்டிய இடம் அதுதான்.

கூட்டேரிப்பட்டுக்கும் கிண்டிக்கும் இடையே ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரப் பயணம். ஆனால் அந்த அலுவலகத்தில் கொடுத்த ஒரு விண்ணப்பத்தை ஓர் அதிகாரி முதன்முதலாகப் பிரித்துப் படித்து, "உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி எங்கள் கருத்து இது" என்று எழுதி அனுப்ப எவ்வளவு காலம் பிடிக்கும்? சில காலங்களில் ஆறு ஆண்டுகள்கூடப் பிடித்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பு ஏன் உண்டாகிறது, இதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நஷ்டம் என்பதை வரலாற்றின் துணையோடு பார்ப்போம்.

காப்புரிமை ஓர் ஒப்பந்தம்

காப்புரிமை என்பது கண்டுபிடிப்பாளருக்கும் சமுதாயத்துக்கும் இடையே உள்ள ஓர் ஒப்பந்தம் எனலாம். கண்டுபிடித்தவர் தம் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதி, படம் வரைந்து கொடுத்துவிடவேண்டும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம்வரை அவருடைய அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசாங்கம் உரிமை தருகிறது. காலம் முடிந்ததும் அந்த அறிவு பொதுச் சொத்தாகிவிடும்.

இது புதிய ஏற்பாடன்று. வெனிஸ் நகரக் குடியரசு 1474 ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் செய்து, பத்தாண்டு உரிமை தந்தது. இங்கிலாந்தில் 1624 ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுகள் என்று வரையறுத்தது. இந்தியாவில் இன்று அது 20 ஆண்டுகள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்த 20 ஆண்டுகளை உரிமை கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. விண்ணப்பம் செய்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். ஆகவே பரிசீலனையில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் அந்த இருபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். ஆறு ஆண்டு காத்திருந்தால் மிஞ்சுவது பதினான்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பங்காவில் தொடங்கிய கதை

நம் நாட்டின் முதற் காப்புரிமைச் சட்டம் 1856 பிப்ரவரி மாத முடிவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பிறந்தது. சில நாட்களுக்குள், மார்ச் 3 ஆம் தேதியன்று, கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டெபென்னிங் என்ற எஞ்சினியர் முதல் மனுவைக் கொடுத்தார். அவருடைய கண்டுபிடிப்பு என்ன தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரம்! மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில் உத்தரத்தில் தொங்கும் பெரிய துணி விசிறியைக் கயிறு கட்டி ஓர் ஆள் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருப்பார். அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே டெபென்னிங்கின் நோக்கம்.

அக்காலத்து முறை இதுதான்: முதலில் கவர்னர் ஜெனரலுக்கு மனுச் செய்து, விளக்கம் தாக்கல் செய்ய அனுமதி பெறவேண்டும். அனுமதி கிடைத்த ஆறு மாதத்துக்குள் படங்களுடன் முழு விளக்கத்தையும் கொடுக்கவேண்டும். டெபென்னிங் செப்டம்பர் 2 ஆம் தேதி தம் விளக்கத்தைக் கொடுத்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனுவிலிருந்து விளக்கம்வரை சரியாக ஆறு மாதம்.

ஆனால் வேடிக்கை பாருங்கள். அந்தச் சட்டத்துக்கு இங்கிலாந்து அரசியின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால் 1857 இல் அது இரத்தாகிவிட்டது! மீண்டும் 1859 இல் புதுச் சட்டம் வந்து, 14 ஆண்டுகளுக்குத் 'தனி உரிமை' வழங்கத் தொடங்கியது. பின்னர் 1888 இலும் 1911 இலும் சட்டங்கள் மாறின. 1911 ஆம் ஆண்டுச் சட்டமே இந்த வேலைகளைக் கவனிக்கக் கட்டுப்பாட்டாளர் என்ற தனி அதிகாரியை நியமித்தது.

மூன்று அமைச்சர்களும் ஒரு மூட்டை மனுவும்

'பரிசீலனை' என்பதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. 1790 இல் இயற்றிய சட்டப்படி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பெரிய மனிதர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும்: வெளிவிவகாரங்களைக் கவனித்த தாமஸ் ஜெஃபர்சன், போர்த்துறை அமைச்சர் ஹென்றி நாக்ஸ், தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃப். நாட்டை ஆளுகிற வேலைக்கு நடுவே பொட்டாஷ் காய்ச்சும் முறையையும் மெழுகுவத்தி செய்யும் முறையையும் அவர்கள் ஆராயவேண்டியிருந்தது! 1790 முழுவதிலும் கிடைத்த உரிமைகள் மூன்றே மூன்று.

இது நடவாது என்று கண்டு 1793 இல் பரிசீலனையையே கைவிட்டார்கள். மனுக் கொடுத்தவருக்கெல்லாம் உரிமை என்றாயிற்று. அதனால் என்ன ஆயிற்று? பழைய கருவிக்கே புது உரிமை வாங்கியவர்களும், ஒரே கருவிக்கு உரிமை வைத்திருந்த பலரும் கோர்ட்டுகளில் மோதிக்கொண்டார்கள். ஆகவே 1836 இல் முழுநேரப் பரிசீலகர்களை நியமித்து, ஆராய்ந்த பிறகே உரிமை என்ற முறைக்குத் திரும்பினார்கள். இங்கிலாந்திலோ, புதுமை உண்டா என்று தேடிப் பார்க்கும் வழக்கம் 1905 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் 1902 முதல் 1909 வரை பரிசீலகராக இருந்த ஓர் இளைஞரை நீங்கள் அறிவீர்கள். அவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

பரிசீலகர்கள் வந்தார்கள், கூடவே வரிசையும் வந்தது. அந்த வரிசையின் நீளம் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்று பாருங்கள். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசிக்கு விண்ணப்பித்தது 1876 பிப்ரவரி 14. உரிமை கிடைத்தது மார்ச் 7. இருபத்திரண்டே நாட்கள்! நம் ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தது 1901 செப்டம்பர் 30. கிடைத்தது 1904 மார்ச் 29. இரண்டரை ஆண்டுகள். லேசர்க் கருவிக்காக கார்டன் கூல்டு என்ற அமெரிக்கர் 1959 இல் விண்ணப்பித்தார். வேறு விஞ்ஞானிகளுடன் ஏற்பட்ட உரிமைப் போட்டியும் வழக்குகளும் கடந்து, அங்கு லேசருக்கான முதல் உரிமை 1977 இல் அவருக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! இரகசியக் குறிமொழி நிபுணர் வில்லியம் ஃப்ரீட்மன் 1933 இல் கொடுத்த ஒரு விண்ணப்பமோ, இராணுவ இரகசியம் என்று அடைத்துவைக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் உரிமையாக வெளிவந்தது. அதற்குள் அவர் இறந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

கூல்டின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அக்காலத்தில் அமெரிக்க உரிமை, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. 1959 இலேயே கிடைத்திருந்தால், லேசர் தொழில் நன்றாக வளர்வதற்குள் உரிமை காலாவதியாகியிருக்கும். தாமதமாகக் கிடைத்ததால், பெரிதாக வளர்ந்துவிட்ட தொழிலிலிருந்து அவருக்கு வருமானம் வந்தது. கணக்கைத் தொடங்கும் நாளைப் பொறுத்தே தாமதம் ஒருவருக்கு வரமாகவோ சாபமாகவோ ஆகிறது. அமெரிக்காவும் 1995 முதல் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு என்ற கணக்குக்கு மாறிவிட்டது.

சுதந்திர இந்தியாவின் சட்டம்

நாடு விடுதலை பெற்றதும், பழைய காப்புரிமைச் சட்டம் நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. 1957 இல் மத்திய அரசாங்கம் இந்த ஆய்வை நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைத்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பின்னர் உச்சநீதிமன்றம் சென்றவர் அவர். 1959 செப்டம்பரில் அவர் தந்த அறிக்கை ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமைகளில் மிகப் பெரும்பங்கு வெளிநாட்டார் கையில் இருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடத்தப்படவேயில்லை. உரிமை இங்கே, தொழிற்சாலை அங்கே!

அந்த அறிக்கையின் அடிப்படையில் பிறந்ததே 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1972 ஏப்ரல் 20 இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து, உணவு ஆகியவற்றில் பொருளுக்கு உரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று அது விதித்தது. செய்முறைக்கும் விண்ணப்ப நாளிலிருந்து ஏழாண்டு, அல்லது உரிமை முத்திரையிட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு, இவற்றில் எது குறைவோ அதுவே. மற்றக் கண்டுபிடிப்புகளுக்கு 14 ஆண்டு.

பரிசீலகர் தம்மிடம் வந்த விண்ணப்பத்தின்மீது சாதாரணமாகப் பதினெட்டு மாதத்துக்குள் அறிக்கை தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. இதைக் கூர்ந்து பாருங்கள். பதினெட்டு மாதம் என்பது விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து அன்று. பரிசீலகரிடம் ஒப்படைத்த நாளிலிருந்து. ஒப்படைப்பதற்கு முன்பு அலமாரியில் இருக்கும் காலம் இக்கணக்கில் சேராது. இன்றைய விதிகள் இந்தப் பதினெட்டு மாதத்தை ஒன்று முதல் மூன்று மாதமாகச் சுருக்கிவிட்டன. ஆயினும் கடிகாரம் ஓடத் தொடங்குவது பரிசீலகரின் மேஜையில்தான் என்பதில் மாற்றமில்லை.

பூட்டிய பெட்டி

காத்திருப்பு என்றால் என்ன என்பதற்குச் சென்னை அலுவலகத்திலேயே உலகப் புகழ் பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1998 ஜூலை 17 அன்று ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி அங்கே ஒரு விண்ணப்பம் கொடுத்தது. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குப் பயன்படும் இமாட்டினிப் மெசிலேட் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கான விண்ணப்பம் அது. கிளீவெக் என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

அப்போது இந்தியாவில் மருந்துப் பொருளுக்கு உரிமை கிடையாது. ஆனால் 1995 இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, பத்தாண்டுக்குள் அத்தகைய உரிமையைக் கொண்டுவருவதாக நாம் ஒப்புக்கொண்டிருந்தோம். அதுவரை வரும் மருந்து விண்ணப்பங்களை வாங்கி, பிரிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. 'அஞ்சற்பெட்டி விண்ணப்பங்கள்' என்று அவற்றை அழைத்தார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் விண்ணப்பங்கள் இப்படிச் சேர்ந்தன. 2005 ஜனவரி முதல் தேதியே பெட்டி திறந்தது. சென்னை விண்ணப்பம் ஆறரை ஆண்டுக் காலம் சட்டத்தின் ஆணைப்படியே உறங்கியது.

இந்த உறக்கத்தில் யாரும் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் காத்திருப்பவருக்கு, சில நிபந்தனைகளுடன், தனி விற்பனை உரிமை என்ற இடைக்கால ஏற்பாடு இருந்தது. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸ் அதைப் பெற்றது. 2004 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தடை உத்தரவால், இந்தியக் கம்பெனிகள் சில அம்மருந்தை விற்பதை நிறுத்தவேண்டி வந்தது. நோவார்ட்டிஸின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ ரூ.1,20,000, இந்தியக் கம்பெனிகளின் மருந்துக்கு மாதம் ரூ.8,000 முதல் ரூ.10,000 என்று அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. பரிசீலிக்கப்படாத ஒரு காகிதம் நோயாளியின் வீட்டு வாசல்வரை வந்து நின்றதை எண்ணிப் பாருங்கள்.

புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் மருந்துக் கம்பெனிகள் சிலவும் எதிர்ப்பு மனுக் கொடுத்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அறிந்த ஒரு பொருளின் புது வடிவம், நோய் தீர்க்கும் திறனில் மேம்பாடு காட்டாவிட்டால் உரிமைக்கு உரியதன்று என்னும் 3(டி) பிரிவு முக்கியக் காரணமாயிற்று. வழக்கு மேன்முறையீடுகளில் ஏறி, 2013 ஏப்ரல் முதல் தேதி உச்சநீதிமன்றமும் நிராகரிப்பை உறுதி செய்தது. விண்ணப்பத்திலிருந்து கடைசித் தீர்ப்புவரை 14 ஆண்டு 8 மாதம்!

ஏரியும் மதகும்

சட்டமே பூட்டி வைத்த கதை அது. சட்டம் பூட்டாத விண்ணப்பங்கள் ஏன் காத்திருந்தன? விழுப்புரம் மாவட்டத்து ஏரி ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியே வரும் நீர் மதகு வழியே போகும் நீரைவிட அதிகமானால் ஏரி நிரம்பிக்கொண்டே போகும். இன்று வாய்க்காலில் விழுந்த இலை மதகைச் சேர எவ்வளவு நாள் ஆகும் என்று அறிய, ஏரியில் உள்ள நீரை, ஒரு நாளில் மதகு வழியே போகும் நீரால் வகுத்தால் போதும். அலுவலகக் கணக்கும் இதேதான். ஒரு இலட்சம் விண்ணப்பம் தேங்கியிருக்கிறது, ஆண்டுக்கு 25,000 பரிசீலிக்க முடிகிறது என்றால், கடைசியில் நிற்பவருக்கு நான்காண்டு.

இனி உண்மைக் கணக்கு. 2014-15 ஆம் ஆண்டில் இந்தியாவில் வந்த விண்ணப்பங்கள் 42,763. அவ்வாண்டு பரிசீலித்தவை 22,631. வந்தவர்கள் எல்லோரும் பரிசீலனை கோரியிருக்கமாட்டார்கள் என்று கழித்தாலும், மதகு சிறிது என்பது விளங்கும். நாடு முழுவதற்கும் அப்போது இருந்த பரிசீலகர்கள் சுமார் 130 பேர்தான். முதற் பரிசீலனைக்கான காலம் 2016 டிசம்பரில் 72 மாதமாக இருந்ததாக மத்திய அரசே பின்னர் தெரிவித்தது. ஆறு ஆண்டு! இருபதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பதில் கடிதமே வராமல் கழிந்துவிடுகிறது.

அதன்பின் சுமார் 450 புதிய பரிசீலகர்களை எடுத்தார்கள். விண்ணப்பமும் பதிலும் கம்ப்யூட்டர் வழியாயின. துறைக்குத் தக்கபடி முதற் பரிசீலனை 5 முதல் 23 மாதத்துக்குள் நடப்பதாகச் சில ஆண்டுகளில் அரசு அறிவித்தது. ஆனால் முதற் பரிசீலனை வேறு, கடைசி முடிவு வேறு. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு விண்ணப்பம் முடிவு காண இந்தியாவில் சராசரி 58 மாதம், சீனாவில் சுமார் 20, அமெரிக்காவில் 23. ஆட்கணக்கும் அதில் உண்டு. நம் அலுவலகத்தில் 860 பேர், அமெரிக்காவில் 8,132, சீனாவில் 13,704. முதல் கடிதம் விரைந்து போனது. அதற்கு வந்த பதில்களைப் படித்து முடிவு செய்யும் மேஜையில் அடுத்த தேக்கம் உண்டாயிற்று. ஒரு மதகைப் பெரிதாக்கினால் கீழேரி நிரம்புமல்லவா?

அந்தக் கீழேரியும் பின்னர் வடியத் தொடங்கியது. 2014-15 இல் வழங்கிய உரிமைகள் 5,978. 2022-23 இல் 34,134. 2023-24 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டி 1,03,057.

விரைவு மட்டும் போதுமா?

அப்படியானால் விரைவே எல்லாம் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. முழங்காலில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு மஞ்சளை அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் பாட்டி காலத்து வழக்கம். அந்த மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1993 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போயிற்று. 1995 மார்ச்சில், பதினைந்தே மாதத்தில், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு உரிமையும் கிடைத்துவிட்டது! நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டி வாதாடியபின், 1997 இல் அது இரத்தாயிற்று. அந்தப் பரிசீலகருக்குச் சோம்பல் இல்லை. அவர் தேடிய இடத்தில் நம் நூல்கள் இல்லை, அவ்வளவுதான். இதற்காகவே பின்னர் நம் மரபறிவைப் பல மொழிகளில் தொகுத்து, உலகப் பரிசீலகர்கள் பார்க்கும்படி ஒரு மின் நூலகம் அமைத்தார்கள்.

பரிசீலகரின் வேலை எளிதன்று. விண்ணப்பத்தின் ஒவ்வோர் உரிமைக் கோரிக்கையையும் வரிவரியாகப் படிக்கவேண்டும். உலகில் எங்கேனும், எக்காலத்திலேனும், எம்மொழியிலேனும் அது முன்பே வெளிவந்ததா என்று தேடவேண்டும். புதிதுதான் என்றாலும், அத்துறையில் தேர்ந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா என்று சீர்தூக்கவேண்டும். தொழிலுக்குப் பயன்படுமா, சட்டம் விலக்கிய பொருளா என்றும் பார்க்கவேண்டும். அவசரத்தில் தவறாகக் கொடுத்த ஓர் உரிமையை நீக்க, கொடுத்த நேரத்தைப்போலப் பல மடங்கு நேரமும் பணமும் செலவாகும். அந்தச் செலவு பெரும்பாலும் ஊராருடையது.

ஒரு பட்டறைக்காரரின் கணக்கு

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் விஷயம் என்று எண்ணவேண்டாம். கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பருப்பு உடையாமல் நிலக்கடலைத் தோலை மட்டும் உடைக்கும் ஒரு புதிய இயந்திரத்தைச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனம் கடலைக்குப் பேர்போன வட்டாரம். அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. இரகங்களில் 'டி.எம்.வி.' என்பது திண்டிவனத்தையே குறிக்கும். கடலை இரகத்துக்குக் காப்புரிமை கிடையாது. அதற்குத் தனியாக 2001 ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிர் செய்யும் முறைக்கும் கிடையாது. ஆனால் இயந்திரத்துக்கு உண்டு.

முதல் எச்சரிக்கை: விண்ணப்பம் செய்யுமுன் இயந்திரத்தை ஊரறியக் காட்டிவிடக்கூடாது. மயிலம் பங்குனி உத்திரக் கூட்டத்தில் நான்கு பேருக்கு ஓட்டிக் காட்டி விற்றுவிட்டால், 'புதுமை' போயிற்று.

இரண்டாவது, பலர் அறியாத செய்தி. விண்ணப்பம் கொடுத்த மாத்திரத்தில் நீங்கள் வரிசையில் நின்றுவிடுவதில்லை! 2003 முதல், 'என் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள்' என்று தனியே ஒரு கோரிக்கை கொடுக்கவேண்டும். முன்பு அதற்கு 48 மாதம் தவணை இருந்தது. 2024 மார்ச் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம். தவணைக்குள் கோராவிட்டால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும்.

மூன்றாவது, விண்ணப்பம் வழக்கமாகப் பதினெட்டு மாதம் கழித்தே அலுவலக இதழில் வெளியாகும். வெளியாகாததைப் பரிசீலிக்கமாட்டார்கள். ஆனால் முன்கூட்டியே வெளியிடக் கோரினால் சுமார் ஒரு மாதத்தில் வெளியிடுவார்கள். ஆகவே விண்ணப்பம், முன்வெளியீட்டுக் கோரிக்கை, பரிசீலனைக் கோரிக்கை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுபவர், சும்மா இருப்பவரைவிட ஓர் ஆண்டுக்கு மேல் முன்னே நிற்பார். தனிநபருக்கு இணைய வழியில் இவற்றின் கட்டணம் முறையே ரூ.1,600, ரூ.2,500, ரூ.4,000; ஆக ரூ.8,100.

நான்காவது, விரைவுப் பரிசீலனை என்ற தனி வரிசை ஒன்று 2016 முதல் உண்டு. புதுத் தொழில் முனைவோர், பதிவு பெற்ற சிறு தொழில்கள் ஆகியோருக்கு அதில் இடமுண்டு. விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தாலும் இடமுண்டு. இயந்திரத்தை உருவாக்குவதில் மனைவிக்கோ மகளுக்கோ உண்மையான பங்கிருந்தால், அவர் பெயரையும் சேர்ப்பது நியாயம் மட்டுமன்று, வழியும்கூட. தனித்து விண்ணப்பிக்கும் ஆண் ஒருவருக்கு இவ்வரிசை பொதுவாகத் திறப்பதில்லை. பட்டறையைச் சிறு தொழிலாகப் பதிவு செய்து அதன் பெயரில் விண்ணப்பித்தால் திறக்கும்.

முதல் அறிக்கை வந்ததும் ஆறு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். அறிக்கையில் ஆட்சேபணைகள் இருப்பதைக் கண்டு மனம் தளரவேண்டாம். ஆட்சேபணை இல்லாத முதல் அறிக்கை அபூர்வம். அதைக் கேள்வித்தாளாக எண்ணி விடை எழுதவேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் பாதுகாப்பு உண்டா? இதழில் வெளியான நாள்முதல் உரிமை பெற்றவருக்கு ஒப்பான சலுகைகள் உண்டு. ஆனால் உரிமை கையில் கிடைக்கும்வரை யார்மீதும் வழக்குத் தொடர முடியாது. கிடைத்தபின், வெளியான நாளிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். பெரிய கம்பெனி இதைத் தாங்கும். பக்கத்துத் தெருவிலேயே தம் இயந்திரத்தை நகல் செய்து விற்பதைப் பார்த்துக்கொண்டு சில ஆண்டுகள் இருக்கவேண்டிய பட்டறைக்காரருக்கு அது கடினம். வட்டிக்கு வாங்கிய பணம் காத்திருக்குமா? ஆகவேதான் தாமதத்தின் பாரம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்கிறோம்.

மொழி என்னும் மற்றொரு வரிசை

இன்னும் ஒன்று உண்டு. காப்புரிமை விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்கவேண்டும் என்பது விதி. தமிழில் சிந்தித்துத் தமிழில் இயந்திரம் செய்தவர், தம் கருத்தை மற்றொருவர் ஆங்கிலத்தில் எழுதித் தரும்வரை காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பு எந்த அலுவலகப் புள்ளிவிவரத்திலும் சேர்வதில்லை. எழுதுபவர் கருவியைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், உரிமைக் கோரிக்கை பிழையாகும். பிழை முதல் அறிக்கையில் வெளிப்படும். திருத்தம், விசாரணை என்று மேலும் காலம் கழியும்.

இங்கேதான் மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. காப்புரிமை ஆவணங்கள் இரகசியமல்ல. வெளியானவை அனைத்தையும் அலுவலகத்தின் இணையதளத்தில் காசு கொடாமல் எவரும் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு புதிய கருவி உருவாகிறது என்று கேள்விப்பட்டால், அதுபோன்றது முன்பே உண்டா என்று தேடிக் கொடுங்கள். பொறியியற் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் கருவியின் படத்தை முறைப்படி வரைந்து, பாகங்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றும் செய்யும் வேலையைத் தமிழில் தெளிவாக எழுதி வைத்தால், காப்புரிமை முகவரின் பணி பாதி முடிந்ததாகும். சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தையும் அணுகி வழிகேட்கலாம்.

அரசாங்கம் செய்யவேண்டியது வேறு: போதுமான பரிசீலகர்கள், அவர்களுக்கு நல்ல பயிற்சி, படிக்கப் போதிய நேரம். 1790 இல் மூன்று அமைச்சர்களால் முடியாதது, 2014 இல் 130 பேராலும் முடியவில்லை. ஆட்கள் போதாதபோது ஓர் அலுவலகத்துக்கு இரண்டே வழி உண்டு: காக்கவைப்பது, அல்லது படிக்காமல் கையெழுத்திடுவது. முதலாவதால் கண்டுபிடித்தவர் நஷ்டமடைகிறார். இரண்டாவதால் ஊரே நஷ்டமடைகிறது. ஒரு நாடு தன் கண்டுபிடிப்பாளரை எவ்வளவு மதிக்கிறது என்பதை அது வழங்கும் உரிமைகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. அவருடைய விண்ணப்பத்தை எவ்வளவு சீக்கிரம் கையில் எடுத்தார்கள், எவ்வளவு கவனமாகப் படித்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்தே அளக்கவேண்டும்.